அமெரிக்கக் கல்லூரிகளில் கைப்பந்து வீரர் தேர்வு: வரலாறும் வளர்ச்சியும்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் கல்லூரி அணிக்காகக் கைப்பந்து (வாலிபால்) ஆடும் மாணவ மாணவியரைப் பயிற்றுநர்கள் பள்ளிப் பருவத்திலேயே அடையாளம் கண்டு, கல்வி உதவித்தொகை அளித்தோ அளிக்காமலோ சேர்த்துக்கொள்ளும் முறை கடந்த ஐம்பது ஆண்டுகளில் உருவானதாகும். அதற்கு முன் கைப்பந்து ஆடியதற்காக எந்தக் கல்லூரியும் கட்டணத்தை ஏற்றுக்கொண்டதில்லை என்றே சொல்லலாம். பெண்களுக்கு அந்த வாய்ப்பு முற்றிலும் மறுக்கப்பட்டிருந்தது. ஒரு சட்டமும் சில நீதிமன்ற வழக்குகளும் அந்நிலையை மாற்றின. அதே மாற்றம் பதின்மூன்று, பதினான்கு வயதுக் குழந்தைகளைக் கல்லூரிகள் தேடி வரும் நிலையையும் பின்னாளில் உண்டாக்கியது. இக்கட்டுரை அவ்வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுகிறது.

ஆட்டத்தின் தோற்றம்

கைப்பந்து 1895ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹோலியோக் நகரில் பிறந்தது. அங்கிருந்த ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சி இயக்குநர் வில்லியம் ஜி. மார்கன் இதனை உருவாக்கினார். நான்கு ஆண்டுகளுக்கு முன் அருகிலுள்ள ஸ்பிரிங்பீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தைக் கண்டுபிடித்திருந்தார். கூடைப்பந்தின் ஓட்டமும் மோதலும் நடுத்தர வயதினருக்குக் கடினமாக இருந்ததால், இடையில் வலை கட்டி, உடல் மோதல் இல்லாமல் ஆடக்கூடிய ஓர் ஆட்டத்தை மார்கன் அமைத்தார். முதலில் 'மின்டனெட்' என்று பெயரிட்டார். 1896இல் ஸ்பிரிங்பீல்டில் நடந்த செயல்விளக்கத்தைப் பார்த்தபின் ஆல்ஃபிரட் ஹால்ஸ்டெட் என்பவர் கூறிய யோசனைப்படி 'வாலி பால்' என்னும் பெயர் ஏற்பட்டது.

அலுவல் முடிந்து வரும் பெரியவர்களின் பொழுதுபோக்காகப் பிறந்ததால், இந்த ஆட்டம் கல்லூரிகளில் நெடுங்காலம் பெருமை பெறவில்லை. கல்லூரி விளையாட்டு என்றால் அமெரிக்கக் கால்பந்து, கூடைப்பந்து, தடகளம் என்பதே அன்றைய நிலை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் கைப்பந்து சேர்க்கப்பட்ட பிறகே நிலைமை மெல்ல மாறியது. தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. ஆண்களுக்கான முதல் கைப்பந்துச் சாம்பியன் போட்டியை 1970இல் நடத்தியது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் யு.சி.எல்.ஏ. அணி அதில் வென்றது. அவ்வணியின் பயிற்றுநர் ஆல் ஸ்கேட்ஸ் 2012இல் ஓய்வு பெறும் வரை 19 தேசியப் பட்டங்களைப் பெற்றுத் தந்தார்.

உதவித்தொகை சரியா, தவறா?

விளையாட்டுத் திறமைக்காகப் பணம் கொடுத்து மாணவரைச் சேர்க்கலாமா என்ற கேள்வி கைப்பந்துக்கு முன்பே எழுந்திருந்தது. 1929இல் கார்னகி அறக்கட்டளை வெளியிட்ட புகழ்பெற்ற அறிக்கை, நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளை ஆராய்ந்து, அவற்றுள் பெரும்பாலானவை ஏதேனும் ஒரு வழியில் விளையாட்டு வீரர்களுக்குப் பணம் கொடுப்பதை எடுத்துக்காட்டியது. போலி வேலை, மறைமுக நன்கொடை என்று பல வழிகள் இருந்தன.

1948இல் என்.சி.ஏ.ஏ. இதைக் கட்டுப்படுத்த ஒரு விதித்தொகுப்பை இயற்றியது. பொருளாதாரத் தேவை உள்ளவருக்கு மட்டுமே உதவி என்பது அதன் சாரம். மீறிய கல்லூரிகளை நீக்கப் போதிய வாக்கு கிடைக்காததால் அது 1951இல் கைவிடப்பட்டது. 1956இல் தேவையைக் கணக்கில் கொள்ளாமல் விளையாட்டுத் திறமைக்காகவே உதவித்தொகை வழங்கலாம் என்று சங்கம் அனுமதித்தது. இன்றைய முறையின் அடித்தளம் அதுதான். ஆனால் அன்று என்.சி.ஏ.ஏ. ஆண்களின் விளையாட்டை மட்டுமே நடத்தியது.

பெண்கள் சங்கமும் 1973 வழக்கும்

பெண்களுக்கான கல்லூரிப் போட்டிகளை நடத்த 1971இல் ஏ.ஐ.ஏ.டபிள்யூ. என்னும் தனிச் சங்கம் தோன்றியது. இதை நடத்தியவர்கள் பெரும்பாலும் பெண் உடற்கல்விப் பேராசிரியர்கள். ஆண்கள் விளையாட்டில் பணம் செய்த கேடுகளை அவர்கள் கண்ணால் கண்டிருந்தனர். ஆகவே உதவித்தொகை பெறும் மாணவியர் தங்கள் போட்டிகளில் ஆடக்கூடாது என்று தடை விதித்தனர். பயிற்றுநர்கள் கல்லூரிக்கு வெளியே சென்று மாணவியரை அழைத்து வருவதையும் அனுமதிக்கவில்லை. படிக்க வந்தவளே ஆட வேண்டும், ஆட வந்தவள் படிக்கக் கூடாது என்பது அவர்களுடைய கொள்கை.

நோக்கம் உயர்ந்ததாயினும் விளைவு வேறாக இருந்தது. ஒரே வீட்டில் அண்ணனுக்குக் கல்லூரி இலவசம், அதே திறமையுள்ள தங்கைக்குக் கட்டணம் என்ற நிலை நீடித்தது. 1973 சனவரியில் ஃபுளோரிடாவைச் சேர்ந்த டென்னிஸ் வீராங்கனைகளும் பயிற்றுநர்களும் இத்தடையை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். கெல்மேயர் வழக்கு என்று இது அறியப்படுகிறது. சட்டப்படி தோற்பது உறுதி என்று உணர்ந்த சங்கம், தீர்ப்புக்குக் காத்திராமல் அதே ஆண்டில் தடையை விலக்கிக்கொண்டது. டென்னிஸ் மாணவியர் தொடுத்த வழக்கால் கைப்பந்து மாணவியருக்கும் கதவு திறந்தது.

ஒன்பதாம் தலைப்புச் சட்டம்

இதற்குச் சில மாதங்களுக்கு முன், 1972 சூன் 23 அன்று, குடியரசுத் தலைவர் நிக்சன் கல்வித் திருத்தச் சட்டத்தில் கையொப்பமிட்டிருந்தார். அதன் ஒன்பதாம் தலைப்பு, கூட்டாட்சி அரசின் நிதி பெறும் எந்தக் கல்வித் திட்டத்திலும் பால் அடிப்படையில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. மூல ஆங்கிலத்தில் அவ்விதி 37 சொற்களே கொண்டது. அதில் 'விளையாட்டு' என்ற சொல்லே இல்லை. எடித் கிரீன், பாட்சி மிங்க், பர்ச் பை ஆகியோர் இதை முன்னின்று நிறைவேற்றியவர்கள்.

1975இல் வெளியான நடைமுறை விதிகள் விளையாட்டையும் இதற்குள் கொண்டுவந்தன. ஒரு கல்லூரி தன் ஆண், பெண் வீரர்களுக்கு வழங்கும் உதவித்தொகை அவரவர் எண்ணிக்கைக்கு ஏற்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது அவற்றுள் முக்கியமானது. பெரிய கால்பந்து அணி வைத்திருந்த கல்லூரிகள் பெண்கள் பக்கத்தில் அதற்கு ஈடு தேட வேண்டியிருந்தது. உள்ளரங்கு ஏற்கெனவே இருந்தது. வலையும் பந்தும் இருந்தால் போதும், ஓர் அணிக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் இடம் கிடைக்கும். எனவே பல கல்லூரிகள் பெண்கள் கைப்பந்து அணியைத் தொடங்கின.

பாட்சி மிங்கின் சொந்த மாநிலமான ஹவாய் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஹவாய்ப் பல்கலைக்கழகப் பெண்கள் கைப்பந்து அணி 1975 முதல் 2017 வரை டேவ் ஷோஜி என்னும் ஒரே பயிற்றுநரின் கீழ் இயங்கி, 1982, 1983, 1987 ஆகிய ஆண்டுகளில் என்.சி.ஏ.ஏ. பட்டம் வென்றது.

ஃப்ளோ ஹைமன்

இந்த மாற்றத்தின் முதல் பயனாளிகளில் ஒருவர் ஃப்ளோ ஹைமன் (1954–1986). கலிபோர்னியாவின் இங்கிள்வுட் நகரில் வளர்ந்தவர். உயரம் ஆறு அடி ஐந்து அங்குலம். உள்ளூர் எல் கமினோ கல்லூரியில் சிறிது காலம் படித்தபின் ஹியூஸ்டன் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அப்பல்கலைக்கழகம் விளையாட்டுக்காக உதவித்தொகை அளித்த முதல் பெண் அவரே. சில ஆண்டுகள் முன்னதாகப் பிறந்திருந்தால் அவருக்கு அந்த இடம் கிடைத்திருக்காது.

1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அமெரிக்க அணியின் முதன்மை ஆட்டக்காரராக அவர் விளங்கினார். 1986 சனவரியில் ஜப்பானில் ஓர் ஆட்டத்தின்போது சரிந்து இறந்தார். அப்போது வயது 31. மார்ஃபன் நோயால் அவருடைய பெருந்தமனி பலவீனமாக இருந்தது இறந்த பிறகே தெரியவந்தது. அசாதாரண உயரமும் நீண்ட கைகளும் அந்நோயின் அடையாளங்கள் ஆகும். பயிற்றுநர்கள் தேடிய அதே உடலமைப்புக்குள் ஆபத்தும் ஒளிந்திருந்தது என்பதை அவர் மரணம் உணர்த்தியது.

பன்னிரண்டு இடங்கள்

1981இல் என்.சி.ஏ.ஏ. பெண்களுக்கும் சாம்பியன் போட்டிகளைத் தொடங்கியது. தெற்கு கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் முதல் கைப்பந்துப் பட்டத்தை வென்றது. போட்டியிட இயலாமல் ஏ.ஐ.ஏ.டபிள்யூ. 1982இல் கலைந்தது. அதன் பிறகு பெண்கள் கைப்பந்தின் சேர்ப்பு விதிகளையும் என்.சி.ஏ.ஏ.வே வகுத்தது.

கல்லூரிகள் மூன்று பிரிவுகளாக உள்ளன. முதற்பிரிவில் ஒரு பெண்கள் கைப்பந்து அணி 12 பேருக்கு மட்டுமே உதவித்தொகை வழங்கலாம் என்பது 2025 வரை நீடித்த விதி. இது 'தலைக்கணக்கு' முறை. அதாவது ஒருவருக்குப் பாதித் தொகை கொடுத்தாலும் பன்னிரண்டில் ஓர் இடம் போய்விடும். எனவே கிடைத்தவருக்குப் பெரும்பாலும் கட்டணம், உணவு, விடுதி அனைத்தும் கிடைத்தன. இரண்டாம் பிரிவில் எட்டு உதவித்தொகைகளைப் பலருக்குப் பங்கிடலாம். மூன்றாம் பிரிவிலும், ஹார்வர்டு, யேல் போன்ற எட்டுப் பழம்பெரும் கல்வி நிலையங்கள் அடங்கிய ஐவி கூட்டமைப்பிலும் விளையாட்டு உதவித்தொகை கிடையாது. பொருளாதார நிலையைப் பார்த்துத் தரும் உதவி மட்டுமே உண்டு.

ஆண்கள் நிலை இதற்கு நேர்மாறானது. 2025 வரை ஓர் அணிக்கு நாலரை உதவித்தொகை மட்டுமே இருந்தது. 18 பேர் கொண்ட அணியில் சமமாகப் பிரித்தால் ஒருவருக்குக் கால் பங்குதான் கிட்டும். மற்ற விளையாட்டுகளில் பெண்கள் கேட்ட கேள்வியைக் கைப்பந்தில் ஆண்கள் கேட்க நேர்ந்தது.

வாய்ப்பு எவ்வளவு என்பதை ஒரு கணக்கால் அறியலாம். 2022–23 பள்ளியாண்டில் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஏறத்தாழ 4.7 லட்சம் மாணவியர் கைப்பந்து ஆடினர். முதற்பிரிவில் 330க்கு மேற்பட்ட அணிகள் உள்ளன. 330 அணிகளும் பன்னிரண்டு இடங்களையும் நிரப்புவதாகக் கொண்டால் 3,960 உதவித்தொகை. நான்கு ஆண்டுப் படிப்பு ஆதலால் ஆண்டுதோறும் காலியாவது சுமார் 1,000. பள்ளியும் நான்கு ஆண்டு என்பதால் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் அந்த ஆயிரத்துக்குப் போட்டியிடுகின்றனர். நூற்றுக்கு ஒருவர் என்பதே இதன் பொருள்.

தேர்வு எப்படி நடக்கிறது?

பள்ளிக் கைப்பந்துப் பருவம் பெரும்பாலும் இலையுதிர் காலத்தில் வரும். பெண்கள் கல்லூரிப் பருவமும் அதுவே. ஆகவே கல்லூரிப் பயிற்றுநர்களால் பள்ளி ஆட்டங்களை அதிகம் பார்க்க இயலாது. அவர்கள் நாடுவது குளிர்காலத்தில் தொடங்கிக் கோடை வரை நீளும் தனியார் கழகப் போட்டிகளை. ஒரே மண்டபத்தில் பல ஆடுகளங்கள் அமைத்து நூற்றுக்கணக்கான அணிகள் ஆடும் அப்போட்டிகளில் பயிற்றுநர்கள் குறிப்பேட்டுடன் நடந்துகொண்டே இருப்பர்.

அவர்கள் பார்ப்பவை எவை? உயரம், ஓடிவந்து குதிக்கையில் கை எட்டும் உயரம், பந்தை வாங்கும் நேர்த்தி, தவறு செய்தபின் முகம் காட்டும் பாவனை ஆகியவை. பெண்கள் வலையின் உயரம் 2.24 மீட்டர், ஆண்களுக்கு 2.43 மீட்டர். நடுத்தடுப்பாளருக்கு உயரம் இன்றியமையாதது. செட்டருக்குக் கையும் நிதானமும் முக்கியம். பின்வரிசையில் மட்டும் ஆடும் லிபரோ என்னும் இடத்தை என்.சி.ஏ.ஏ. 2002இல் ஏற்றுக்கொண்டதால், உயரம் குறைந்த மாணவியருக்கும் கல்லூரி அணியில் நிலையான ஓர் இடம் உண்டாயிற்று.

மாணவர் தரப்பிலும் முயற்சி தேவை. ஆட்டக் காணொளி தயாரித்து, எந்த ஆண்டில் பள்ளி முடிக்கிறோம், எந்த இடத்தில் ஆடுகிறோம், மதிப்பெண் என்ன என்பவற்றைக் குறித்துப் பயிற்றுநருக்குத் தாமே மின்னஞ்சல் அனுப்புவது வழக்கம். மதிப்பெண் இங்கே ஒப்புக்குச் சேர்க்கப்பட்டதன்று. 1983இல் இயற்றி 1986இல் நடைமுறைக்கு வந்த விதியின்படி குறைந்தபட்சக் கல்வித் தகுதி கட்டாயமாயிற்று. இன்று முதற்பிரிவில் ஆட 16 அடிப்படைப் பாடங்களும் அவற்றில் 2.3 சராசரிப் புள்ளியும் வேண்டும். எஸ்.ஏ.டி. போன்ற தேர்வுக் கட்டாயத்தைச் சங்கம் 2023இல் நீக்கியது. எனினும் தனிப்பட்ட கல்லூரிகள் அதைக் கேட்கலாம்.

கழகத்தில் சேரக் கட்டணம், சீருடை, விமானச் செலவு, விடுதி என ஆண்டுக்குப் பல ஆயிரம் டாலர் தேவைப்படும். பயிற்றுநர் பார்க்கும் இடத்தில் ஆட வசதியில்லாத வீட்டுப் பிள்ளை, எவ்வளவு திறமை இருந்தும் பார்வைக்கு வராமலே போகலாம். ஏழை மாணவருக்கு உதவுவதற்கென்று வாதிடப்பட்ட உதவித்தொகை, ஓரளவு வசதி உள்ளவருக்கே எட்டும் நிலை இவ்வாறு ஏற்பட்டது.

எட்டாம் வகுப்பில் வாக்குறுதி

நல்ல ஆட்டக்காரரை மற்றக் கல்லூரி கொண்டுபோவதற்கு முன் நாம் பேசி முடித்துவிட வேண்டும் என்ற போட்டி, 2010க்குப் பிந்தைய ஆண்டுகளில் எல்லை கடந்தது. ஒன்பதாம் வகுப்பிலும், சில வேளை எட்டாம் வகுப்பிலும் படிக்கும் மாணவியர் வாய்மொழியாக ஒரு கல்லூரிக்கு ஒப்புக்கொண்டனர். பயிற்றுநர் மாணவியை நேரடியாக அழைக்கக் கூடாது என விதி இருந்தது. ஆனால் மாணவி அழைத்தால் பேசலாம் என்ற ஓட்டையும் இருந்தது. கழகப் பயிற்றுநர் வழியாகச் செய்தி சொல்லி, மாணவியை அழைக்கச் செய்வார்கள்.

வாய்மொழி ஒப்புதல் யாரையும் கட்டுப்படுத்தாது. 1964இல் தொடங்கிய 'தேசிய ஒப்புதல் கடிதம்' என்பதில் பள்ளி இறுதியாண்டில் கையொப்பமிட்ட பின்பே அன்று இடம் உறுதியாயிற்று. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் பயிற்றுநர் வேறு கல்லூரிக்குப் போகலாம், மாணவியின் முழங்கால் காயப்படலாம், வளர்ச்சி நின்றுபோகலாம், அவளுக்கே வேறு படிப்பில் ஆசை வரலாம். பள்ளியில் பணியாற்றிய எவரும் அறிவர்: எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு என்ன படிக்கப் போகிறாய் என்ற கேள்விக்கே மாதத்துக்கொரு விடை இருக்கும்.

2019இல் என்.சி.ஏ.ஏ. விதியைத் திருத்தியது. அதன்படி பத்தாம் வகுப்பு முடிந்தபின் வரும் சூன் 15 வரை, யார் முதலில் அழைத்தாலும், சேர்ப்புப் பற்றிப் பேசக் கூடாது. கல்லூரிக்கு நேரில் சென்று பயிற்றுநரைச் சந்திப்பது பதினொன்றாம் வகுப்புத் தொடங்குமுன் வரும் ஆகஸ்டு 1 முதல்தான். மிக இளவயது வாக்குறுதிகளுக்கு இது ஒரு தடை போட்டது.

அதே 2019ஆம் ஆண்டில் வேறொரு கேடும் வெளிப்பட்டது. ஆடத் தெரியாத செல்வர் வீட்டுப் பிள்ளைகளைக் கையூட்டுப் பெற்று விளையாட்டு வீரர் என்ற போலிப் பெயரில் கல்லூரிகளில் சேர்த்த மோசடியைக் கூட்டாட்சி அரசு வழக்காகத் தொடர்ந்தது. பயிற்றுநரின் பரிந்துரைக்கு எவ்வளவு விலை உண்டு என்பதை அது காட்டியது.

அணியே கலைக்கப்பட்டால்?

தேர்வாகிச் சேர்ந்த பின்னும் பாதுகாப்பு உண்டா என்ற கேள்வியைக் குவினிபியாக் பல்கலைக்கழக வழக்கு எழுப்பியது. கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள இப்பல்கலைக்கழகம் 2009இல் செலவைக் குறைக்கப் பெண்கள் கைப்பந்து அணியைக் கலைப்பதாக அறிவித்தது. அதற்கு ஈடாக, ஆட்டக்காரரை உற்சாகப்படுத்தும் 'சியர்லீடிங்' குழுவைப் போட்டி அணியாக்கிப் பெண் வீரர் எண்ணிக்கையைச் சரிக்கட்ட முனைந்தது. ஆடுவதற்கென்றே அக்கல்லூரிக்கு வந்த கைப்பந்து மாணவியரும் பயிற்றுநரும் நீதிமன்றம் சென்றனர்.

அன்றைய வடிவில் அப்போட்டி, ஒன்பதாம் தலைப்பின் நோக்கில் முழுமையான விளையாட்டாகக் கருதத்தக்கதன்று என்று 2010இல் நீதிபதி தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012இல் அதை உறுதி செய்தது. கைப்பந்து அணி காப்பாற்றப்பட்டது. பெண் வீரர்களின் எண்ணிக்கையைக் காகிதத்தில் கூட்டிக் காட்டுவதை நீதிமன்றம் ஏற்காது என்பதற்கு இவ்வழக்கு இன்றும் மேற்கோளாக உள்ளது.

புதிய விதிகள்

2018 அக்டோபரில் கல்லூரி மாறுவதற்கான பதிவு முறை வந்தது. 2021 முதல் ஒரு முறை ஓராண்டு காத்திராமல் வேறு கல்லூரிக்கு மாறி ஆடலாம் என்றாயிற்று. அதே ஆண்டு சூலை 1 முதல் மாணவர் தம் பெயர், உருவம் ஆகியவற்றைப் பயன்படுத்தி விளம்பர வருவாய் பெறவும் அனுமதிக்கப்பட்டனர். அனுபவமுள்ள மாணவியர் எளிதில் மாற முடிந்ததால், பயிற்றுநர்கள் பள்ளி மாணவியரைவிட அவர்களை விரும்புவதும் கூடியது.

2023 ஆகஸ்டு 30 அன்று நெப்ராஸ்கா மாநிலம் லிங்கன் நகரக் கால்பந்து அரங்கில் நெப்ராஸ்கா, ஒமாகா அணிகள் ஆடிய கைப்பந்து ஆட்டத்தைக் காண 92,003 பேர் கூடினர். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் உதவித்தொகையே இல்லாத ஓர் ஆட்டம் எங்கு வந்து சேர்ந்தது என்பதற்கு இது சான்று.

2024 அக்டோபரில் தேசிய ஒப்புதல் கடித முறை கைவிடப்பட்டது. 2025 சூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் அளித்த 'ஹவுஸ்' வழக்கின் சமரசம் உதவித்தொகை வரம்பை நீக்கி, அணி எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தது. இதை ஏற்ற கல்லூரிகளில் கைப்பந்து அணியில் 18 பேர் வரை இருக்கலாம். அத்தனை பேருக்கும் உதவித்தொகை தரலாம், ஆனால் கட்டாயமில்லை. கல்லூரி நேரடியாக வீரர்களுக்குப் பணமும் கொடுக்கலாம். அப்பணத்தில் பெரும்பங்கு கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் போகுமானால் ஒன்பதாம் தலைப்பின் நிலை என்ன என்ற கேள்வி மீண்டும் எழுந்துள்ளது. உதவித்தொகை இல்லாமல் சொந்தச் செலவில் அணியில் ஆடி வந்தவர்களுக்கு இடம் சுருங்கும் அச்சமும் உள்ளது.

தமிழ்நாட்டுடன் ஒப்பீடு

கைப்பந்தின் பிறப்பிடத்துக்கும் சென்னைக்கும் ஒரு நேர்த்தொடர்பு உண்டு. ஸ்பிரிங்பீல்டில் பயின்ற ஹாரி குரோ பக், 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். அங்குப் பயின்ற உடற்கல்வி ஆசிரியர்கள் பல ஊர்ப் பள்ளிகளிலும் இத்தகைய ஆட்டங்களைக் கற்பித்தனர்.

நம் கல்லூரிகளில் விளையாட்டுப் பிரிவு ஒதுக்கீட்டில் இடம் பெற மாவட்ட, மாநில, தேசியப் போட்டிச் சான்றிதழ்களும் தெரிவு ஆட்டமும் அடிப்படை. அமெரிக்காவிலோ ஒரு பயிற்றுநரின் கண்ணே அடிப்படை. சான்றிதழ் முறையில் போட்டிக்கு அனுப்பப்படாதவர் வாய்ப்பிழப்பார். பயிற்றுநர் முறையில் அவர் பார்வையில் படாதவர் வாய்ப்பிழப்பார். இரண்டிலும் முதல் கதவைத் திறப்பவர், பள்ளியில் மாலை வேளையில் வலை கட்டி நிற்கும் உடற்கல்வி ஆசிரியரே.

முடிவுரை

இவ்வரலாற்றில் உதவித்தொகையைத் தடுத்தவர்களும் நல்லெண்ணம் கொண்டவர்களே. பணம் வந்தால் படிப்புக் கெடும் என்று அவர்கள் அஞ்சியதில் உண்மையும் இருந்தது என்பதை எட்டாம் வகுப்பு வாக்குறுதிகள் மெய்ப்பித்தன. எனினும் அந்தத் தடை நீங்கியிராவிட்டால் ஆயிரக்கணக்கான பெண்கள் கல்லூரி வாசலையே மிதித்திருக்க மாட்டார்கள். வெளிநாட்டில் ஆடிப் படிக்க விரும்பும் மாணவர்கள் இதிலிருந்து அறிய வேண்டியது, வாய்ச்சொல்லை இடமாகக் கருதக் கூடாது என்பது. முழங்கால் காயப்பட்டாலும் பயிற்றுநர் மாறினாலும் படிக்க விரும்பும் கல்லூரியாக அது இருக்கிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பானது. நான்கு ஆண்டு ஆட்டம் முடிந்தபின் பெரும்பாலோருக்குக் கையில் எஞ்சுவது பட்டமே ஆகும்.